கோழிக்குஞ்சு சேவலா, பெட்டையா? வாரக்கணக்கில் பார்த்துப் பிரிக்கும் முறை

நாட்டுக்கோழிக் குஞ்சு 10 வாங்கினால் 5 பெட்டை தேறும் என்ற கணக்கில்தான் பலரும் கோழி வளர்ப்பில் இறங்குகிறார்கள். சராசரி பாதிக்குப் பாதிதான். ஆனால் 10 குஞ்சுள்ள ஒரு பொரிப்பில் ஏதாவது ஒரு பக்கம் 7 அல்லது அதற்கு மேல் சாய்ந்துவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 7 சேவல், 3 பெட்டை என்று அமைந்துவிட்டால் விற்றவரைத் திட்டிப் பயனில்லை. எது எது என்று சீக்கிரம் கண்டுபிடித்து, தீனியையும் கூண்டையும் அதற்கேற்பப் பிரிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முட்டை மட்டும் போதும் என்பவருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான். அடை வைக்கும் எண்ணம் இருந்தால் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதிச் சேவல்களை 3 மாதத்துக்குள் அடையாளம் கண்டு தனியே அடைத்துவிட்டால் அவை ஒன்றையொன்று கொத்திக் கிழிக்காது. இன்னும் பருவத்துக்கு வராத விடைக்கோழிகளை மிதித்து முதுகிறகைப் பிடுங்கவும் செய்யாது. மாடியில் நான்கைந்து கோழி வளர்ப்பவர் என்றால் அதிகாலைக் கூவலுக்கு அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பதும் இருக்கிறது.

கொண்டை ஒரு வழி, இறகு ஒரு வழி

வயதுக்கேற்ற அடையாளங்களுக்குப் போகுமுன் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கொண்டை பெருப்பது, தாடி தொங்குவது, கூவுவது, முட்டி மோதுவது எல்லாம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செய்கிற வேலை. இறகின் வடிவத்துக்குப் பொறுப்பு வேறு. கூரான, பளபளக்கும் சேவல் இறகுதான் கோழியினத்தின் அடிப்படை வடிவம். பெட்டையின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அதை முனை மழுங்கிய இறகாக மாற்றுகிறது. விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை சுருங்கி வெளுத்துப்போனாலும், கழுத்து மயிரும் வாலும் சேவலுடையதாகவே இருப்பது இதனால்தான்.

குடற்புழு, ரத்தக்கழிச்சல், தீனிக்குறைவு, பெரிய சேவலின் அடக்குமுறை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இளஞ்சேவலின் கொண்டை சிறுத்து வெளிறி, பார்ப்பதற்குப் பெட்டை மாதிரி இருக்கும். மறுபக்கம், முட்டைக்கு வரப்போகும் பெட்டையின் கொண்டை ஒரே வாரத்தில் சிவந்து, சேவலோ என்று குழப்பும். இறகின் வடிவம் இப்படி ஏறி இறங்காது. ஆகவே கொண்டையைச் சந்தேகத்துக்கும் இறகைத் தீர்ப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், தீர்ப்புச் சொல்லும் இறகு முளைக்க 10 வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கையில் இருப்பது சந்தேகப் பட்டியல்தான்.

முதலில் அடையாளம் கட்டுங்கள்

கூட்டமாகத் திரியும் குஞ்சுகளைக் கண்ணால் பார்த்து ஞாபகம் வைப்பது நடக்காது. ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வேறு வேறு நிறத்தில் தடித்த நூல் அல்லது கோழிகளுக்கென்று விற்கும் சுருள் வளையம் மாட்டுங்கள். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே தீக்குச்சி ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். வாரம் ஒருமுறை சரிபார்த்துத் தளர்த்த வேண்டும். குஞ்சின் கால் வேகமாகத் தடிக்கும். கவனிக்காமல் விட்ட நூல் தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடும், பிறகு கால் வீங்கி நொண்டும்.

ஒரு நோட்டில் நிறம், பொரித்த தேதி, வாரக் குறிப்பு. கைபேசியில் ஒவ்வொரு வாரமும் ஒரே சுவரை ஒட்டி, ஒரே வெளிச்சத்தில் தலை ஒன்று, பக்கவாட்டு உடல் ஒன்று, முதுகு ஒன்று என்று படம். ஒரே அடையில் பொரித்தவற்றைத்தான் தங்களுக்குள் ஒப்பிட வேண்டும். இரண்டு வார வித்தியாசம் உள்ள குஞ்சுகளை ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் பெரியதெல்லாம் சேவலாகத் தெரியும். துரத்திப் பிடித்த கையோடு கொண்டையைப் பார்க்காதீர்கள். ஓடிக் களைத்த குஞ்சின் முகம் சிவந்திருக்கும். பொழுது சாய்ந்து கூடை அடைந்த பிறகு எடுத்தால் அமைதியாக இருக்கும், ஆனால் நிறம் பார்க்க அந்த வெளிச்சம் போதாது. விடிந்ததும் திறந்துவிடுமுன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே நல்லது.

முட்டையிலும் முதல் நாளிலும்

கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதற்கு ஆதாரமில்லை. முட்டைக்கு மேல் நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதும் அப்படியே. பறவைகளில் பாலினத்தை முடிவு செய்வது தாயின் கருமுட்டை. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை விடும் கருமுட்டையில் எது இருக்கிறது என்பது சேவலின் விந்து சேருமுன்பே தீர்ந்துவிட்ட கதை. அடைச் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பெட்டையாக்கலாம் என்று முயல்பவருக்குச் செத்த கருதான் மிஞ்சும்.

பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சின் ஆசனவாயை விரித்து, உள்ளே இருக்கும் சிறு முகிழைப் பார்த்துப் பிரிக்கும் முறை 1920களில் ஜப்பானில் உருவானது. மசூய், ஹாஷிமோட்டோ முதலானோர் வகுத்த அந்த முறையைத்தான் இன்றும் பெரிய பொரிப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் செய்கிறார்கள். ஆண் குஞ்சில் கடுகிலும் சிறிய, உருண்டு பளபளக்கும் முகிழ் இருக்கும். பெட்டையில் பெரும்பாலும் தட்டையாக இருக்கும் அல்லது இருக்காது. ஆனால் கணிசமான பெட்டைகளிலும் ஏதோ ஒரு முகிழ் தெரியும், கஷ்டம் அங்கேதான். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு உடைந்து குஞ்சு இறக்கும். காணொளி பார்த்துவிட்டு வீட்டில் இதை முயலவே வேண்டாம்.

ரெக்கையை விரித்துப் பார்க்கும் முறை ஆபத்தில்லாதது, ஆனால் எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாது. விரித்த ரெக்கையில் கீழ் வரிசையில் பறக்கும் இறகுக் குருத்துகளும், அவற்றை மூடியபடி மேல் வரிசையும் தெரியும். கீழ் வரிசை தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் சம நீளம் அல்லது மேல் வரிசை நீளம் என்றால் சேவல். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு வித்தியாசம் மறைந்துவிடும். இது செல்லுபடியாக, தாய் மெதுவாக இறகு முளைக்கும் வகையாகவும் தகப்பன் வேகமாக இறகு முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். பொரிப்பகங்கள் அப்படித் திட்டமிட்டுத் தாய்க்கூட்டத்தை வைத்திருக்கும். ஊரில் கலந்து திரியும் நாட்டுக்கோழியின் குஞ்சில் இதே சோதனையைச் செய்தால் அந்தக் குஞ்சுக்கு இறகு வேகமாக வருகிறதா என்பதுதான் தெரியும். காணொளிகளில் ரெக்கையை விரித்துக் காட்டி அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை.

சொந்தமாக அடை வைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கருப்பு உடலில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட பெட்டைகளை, கோடில்லாத கருப்பு அல்லது ரோட் ஐலண்ட் ரெட் போன்ற சிவப்புச் சேவலோடு சேர்த்தால், கருப்பாகப் பிறக்கும் குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், தலை முழுக்கக் கருப்பாக இருப்பது பெட்டை. கோட்டுக்கான மரபணு இசட் குரோமோசோமில் இருப்பதால் தாய் அதை மகன்களுக்கு மட்டுமே தருகிறாள். தாயையும் தகப்பனையும் மாற்றி, கோடு போட்ட சேவலை வைத்தால் இது வேலை செய்யாது. இந்தக் குஞ்சுகளையே வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையிலும் இந்தப் பொட்டு அடையாளத்தை நம்ப முடியாது. வெளிர் நிறக் குஞ்சில் பொட்டு கண்ணுக்கே தெரியாது.

சந்தையில் வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. சைக்கிளிலும் கூடையிலும் கொண்டுவந்து விற்கும் பச்சை, இளஞ்சிவப்புச் சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள். அவற்றில் முட்டையை எதிர்பார்க்க முடியாது, கறி பிடிக்கவும் நாளாகும். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஆண் குஞ்சுகளைக் கொல்வதற்கு 2022 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, பொரிக்குமுன்பே முட்டையில் பாலினம் பார்க்கும் இயந்திரங்கள் அங்கே பரவின. வீட்டு அளவுக்கு அது எட்டாது.

3 முதல் 5 வாரம்

இந்த வயதில் யாரையும் விற்கவோ கழிக்கவோ வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள். பெட்டைக் குஞ்சுக்கு முதுகும் வாலும் முந்தி மூடும். சேவல் குஞ்சுக்கு முதுகில் பஞ்சுமயிர் நீடித்து, வால் மொட்டையாகக் குட்டையாக இருக்கும். உடல் கனத்த இனங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், சிறுத்த நாட்டு வகைகளில் குறைவு. கால் தடிமனையும் பாருங்கள்: இரண்டு குஞ்சுகளின் கால்களை அருகருகே வைத்துப் பார்த்தால் சேவலின் கால் தடித்து, பாதம் அகன்றிருக்கும். இரண்டு அறிகுறியும் ஒரே குஞ்சில் சேர்ந்து வந்தால் நோட்டில் 'சேவல் சந்தேகம்' என்று எழுதலாம்.

சண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வயதில் நெஞ்சோடு நெஞ்சு மோதி எகிறுவது பெட்டைக் குஞ்சுகளும்தான்.

6 முதல் 9 வாரம்

ஒற்றைக் கொண்டை உள்ள குஞ்சுகளில் இந்த வாரங்களில்தான் முதல் பெரிய பிரிவு வரும். சேவலின் கொண்டை உயர்ந்து, மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். கூடவே தாடியும் தெரிய ஆரம்பிக்கும். அதே நாளில் பொரித்த பெட்டைக்குக் கொண்டை சிறிதாக, வெளிர் மஞ்சளாகவே நிற்கும். 7 வாரத்தில் கொண்டையும் தாடியும் சேர்ந்து சிவந்த குஞ்சு பெரும்பாலும் சேவல்தான். சிவக்காத குஞ்சைப் பெட்டை என்று இப்போதே சொல்லிவிட முடியாது. மெதுவாக வளரும் சேவல் அந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும்.

தட்டையான பட்டாணிக் கொண்டை உள்ளவற்றில் உயரத்தைப் பார்த்துப் பயனில்லை. அகலத்தைப் பாருங்கள். சேவலில் மூன்று வரிசைப் புடைப்பும் தனித்தனியாகத் தெரிந்து கொண்டை அகலும், பெட்டையில் நடுவரிசை மட்டும் ஒரு கோடாகத் தெரியும்.

நிறம் கலந்த நாட்டுக்கோழியில் இதைவிட நல்ல அடையாளம் ரெக்கையின் தோள்பகுதி. மடக்கிய ரெக்கையின் மேற்புறத்தில், உடலின் மற்ற நிறத்தோடு ஒட்டாமல் அடர்சிவப்பு, செம்பு அல்லது பொன்னிறத்தில் திட்டுத்திட்டாகப் புது இறகு முளைத்தால் அது சேவல். பெட்டையின் நிறம் உடல் முழுக்கச் சீராகப் பரவும், திட்டு விழாது. காட்டுக்கோழி நிறச் சாயலில், அதாவது முதுகில் கோடுள்ள பழுப்புக் குஞ்சாகப் பிறந்தவற்றில் நெஞ்சும் உதவும்: பழுப்பு நெஞ்சில் கருப்பு இறகு முளைத்தால் சேவல், நெஞ்சு செம்பழுப்பாகவே நின்றால் பெட்டை. முழுக் கருப்பு, முழு வெள்ளைக் குஞ்சுகளுக்கு இந்த வழி கிடையாது.

10 முதல் 16 வாரம்: தீர்ப்பு

வால் தொடங்குவதற்குச் சற்று முன்னால், முதுகு முடிந்து இடுப்பின் இருபக்கமும் இறகு சரிகிற இடம்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. குஞ்சை இடது அக்குளில் அணைத்து, தலை பின்பக்கமும் வால் முன்பக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். வலது கை விரலால் அந்த இடத்து இறகுகளைக் கலைத்து, ஒரே ஒரு இறகைத் தனியே தூக்கி, அதன் கீழே வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகுங்கள். இறகைப் பிடுங்கத் தேவையில்லை.

சேவலின் இறகு ஒடுங்கி நீண்டு, மாவிலை நுனி போலக் கூராக முடியும். விளிம்பு பளபளக்கும், இழைகள் ஒன்றோடொன்று பின்னாமல் பிரிந்து நிற்கும். பெட்டையின் இறகு அகன்று, முனை வளைந்து, விளிம்பு வரை இழைகள் ஒட்டியே இருக்கும். ஒரு கூர் இறகு போதும், அது சேவல். கழுத்து மயிரிலும் இதே வித்தியாசம் உண்டு. ஆனால் பெட்டையின் கழுத்து இறகும் ஓரளவு கூராகத்தான் இருக்கும் என்பதால் புதியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். இடுப்புதான் தெளிவான இடம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, அவசரம். குஞ்சுக்கு முதலில் முளைக்கும் இளம் இறகு சேவலுக்கும் மழுங்கலாகவே இருக்கும். 7 வாரத்தில் இடுப்பில் மழுங்கிய இறகைப் பார்த்துப் பெட்டை என்று விற்றுவிட்டால், வாங்கியவர் இரண்டு மாதம் கழித்துக் கூவும் பெட்டையோடு வந்து நிற்பார். கூர் இறகு தெரிந்தால் எந்த வயதிலும் நம்பலாம்; மழுங்கிய இறகை 14 வாரத்துக்குப் பிறகுதான் நம்ப வேண்டும். இளம் இறகு உதிர்ந்து புது இறகு வருவது தெரிய, இடுப்பில் நீல நிறக் குருத்துகள் முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். குருத்து இருந்தால் பத்து நாள் பொறுத்து அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வாலில் வளைந்து தொங்கும் நீள இறகு இதற்குச் சற்றுப் பின்னால் வரும். அது வந்தபின் யாரும் வழிகாட்டி படிக்க வேண்டியதில்லை.

ஏமாற்றும் இனங்கள்

கடக்நாத்தில் தோல், கொண்டை, தாடி எல்லாம் கருமை படிந்தவை. சிவப்புக்குக் காத்திருந்தால் காலம்தான் போகும். கொண்டையின் உயரத்தையும் தாடியின் அளவையும் அதே வயதுக் குஞ்சோடு ஒப்பிட்டு, இடுப்பு இறகால் உறுதி செய்யுங்கள்.

அசீல் வழிவந்த பெருவிடைக் கோழிகள்தான் மிகவும் சோதிப்பவை. கொண்டை தட்டை, தாடி இருப்பதே தெரியாது, இறகு குட்டையாக உடலோடு ஒட்டியிருக்கும். பெட்டையே நிமிர்ந்து நிற்கும், பெட்டையே சண்டை போடும். நிமிர்ந்து நின்றால் சேவல் என்று மற்ற இனங்களுக்குச் சொல்வது இங்கே செல்லாது. கால் தடிமன், தலையின் அகலம், ரெக்கைத் தோள் நிறம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு இறகுக்கு 4 முதல் 5 மாதம் வரை பொறுங்கள்.

கழுத்தறுத்தான் கோழிக்குக் கழுத்து மயிரே இல்லை, நேராக இடுப்புக்குப் போய்விடலாம். வனராஜா, கிராமப்பிரியா போன்ற வளர்ப்பு வகைகளில் வளர்ச்சி வேகம் கூடுதல் என்பதால் கொண்டை அடையாளம் நாட்டுக்கோழியைவிட முந்தித் தெரியும். செப்ரைட் என்ற அலங்காரக் கோழியில் சேவலுக்கும் பெட்டை இறகுதான். அதன் தோலே ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. இறகுத் தீர்ப்பு தோற்கும் அபூர்வ இடம் இது, அங்கே கொண்டையையும் கூவலையும்தான் நம்ப வேண்டும்.

கூவலும் முள்ளும்

முதல் கூவல் பெரும்பாலும் 3, 4 மாதத்தில் வரும், தொண்டை அடைத்தாற்போல அரைகுறையாக இருக்கும். கூட்டத்தில் பெரிய சேவல் இருந்தால் இளையது மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. கூவாதவை எல்லாம் பெட்டை என்று எண்ணியிருக்கும் வேளையில், பெரிய சேவலை விற்ற மறுநாளே இரண்டு குரல் புதிதாகக் கிளம்புவது சாதாரணம். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்று பழமொழி சொன்னாலும், பெட்டை கூவுவது உண்டு. சேவலற்ற கூட்டத்தில் தலைமைப் பெட்டை சில சமயம் கூவும். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யும். நோயால் அது கெட்டுப்போனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அடுத்த இறகு உதிர்வுக்குப் பிறகு சேவல் இறகே முளைக்கும். ஆனால் இது முட்டையிட்டு ஓய்ந்த கோழியில் நடப்பது, குஞ்சில் இல்லை.

காலில் முள் முளைக்கும் இடத்தில் சிறு மொட்டு இரு பாலுக்கும் இருக்கும். வளர்ந்த பெட்டைகளிலும் சிலவற்றுக்கு முள் நீளும். முதல் 5 மாதத்துக்கு முள்ளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

5 மாதமாகியும் சந்தேகம் தீரவில்லை என்றால்

மலவாயின் இருபுறமும் கீழே துருத்தும் இரண்டு மெல்லிய இடுப்பெலும்பு முனைகளை விரலால் தடவுங்கள். சேவலிலும் முட்டைக்கு வராத விடைக்கோழியிலும் நடுவே ஒரு விரல் நுழைவதே சிரமம். முட்டைக்கு நெருங்கும் பெட்டைக்கு அந்த இடைவெளி இரண்டு விரல் அளவுக்கு விரியும், எலும்பு முனை வளைந்து கொடுக்கும், மலவாய் அகன்று ஈரமாக இருக்கும். முதுகில் கை வைத்ததும் ரெக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கி உட்கார்ந்தால் அது பெட்டை. நாட்டுக்கோழி என்றால் இன்னும் சில நாளில் முட்டை வைக்க இடம் தேடி மூலை முடுக்கெல்லாம் நுழையும். கொண்டை சிவந்திருந்து, இடுப்பு இறகு மழுங்கியிருந்து, இந்தப் பதுங்கலும் சேர்ந்தால் முட்டைத் தீனிக்கு மாற்றிவிடலாம். அதற்கு முன் மாற்ற வேண்டாம். முட்டைத் தீனியில் உள்ள அதிகப்படியான சுண்ணாம்புச் சத்து, முட்டைக்கு வராத கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கூட்டத்தில் முட்டை கிடக்கிறது, எது இட்டது என்று தெரியவில்லை என்றால், சந்தேகக் கோழியை விடியற்காலையில் தண்ணீரும் தீனியும் வைத்துத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மாலையில் திறந்து பாருங்கள். நாட்டுக்கோழி தினமும் இடாது என்பதால் ஒரு நாள் வெறும் பஞ்சாரம் என்பது கணக்கில்லை. தொடர்ந்து நான்கு நாள் செய்து பாருங்கள்.